தட்டின் இடது பாதி

ஜூன் 6, வியாழன். கோயமுத்தூர்

இந்த நோட்டை வாங்கச் சொன்னது ஆஸ்பத்திரிதான். வால்வு மாற்றிய பிறகு ஒரு மாதத்துக்கு ரத்த அழுத்தம், நாடி, எடை எல்லாம் தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். வால்வு நாளைக்குத்தான். ஆனால் இன்றைக்கே எதையாவது எழுதாவிட்டால் யாரையாவது கடித்துவிடுவேன்.

நாகர்கோவில் பக்கத்து நர்சுப் பெண் கேட்டாள்: "நங்கையா, நங்கையான்னு கூப்பிடுறீங்களே, உங்க அம்மாவா?"

"என்ற வூட்டுக்காரரோட அக்கா. எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்."

"ஓ, நாத்தனாரா!" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். விவரமான பெண்.

நங்கையாவின் பெயர் ராஜாமணி. வயது எழுபத்தாறு. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் மருந்தாளுநர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் இறந்ததும், "உனக்குத் துணைக்கு இருக்கறேன்" என்று சொல்லி இரண்டு டிரங்குப் பெட்டியோடு கோபியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து நான்தான் அவருக்குத் துணையாக இருக்கிறேன்.

இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற இடத்து வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு தடவை மயங்கி விழுந்தார். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் அவருடைய நுரையீரல் தாங்காது. அதனால் தொடையில் ஒரு துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாகவே புது வால்வை மடக்கிக் கொண்டுபோய், பழையதற்குள் விரித்து வைக்கப் போகிறார்கள்.

இன்று டாக்டர் வந்து எல்லாம் விளக்கினார். நங்கையா அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"நூத்துல ரெண்டு மூணு பேருக்கு பக்கவாதம் வரலாம்மா. பழைய வால்வுல இருக்கற சுண்ணாம்புத் துணுக்கு உடைஞ்சு தலைக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர்.

"அது பெருசு. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னது?"

"ஸ்கேன் எடுத்துப் பாத்தா நிறையப் பேருக்குச் சின்னப் புள்ளிகள் தெரியும். பெரும்பாலும் அதனால ஒண்ணும் ஆகாது."

பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை, மாத்திரைப் பட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்க்கிற மாதிரி நங்கையா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீயும் போடு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, என்னையக் கேக்காமப் பண்ணிப்போட்டாங்கன்னு ஒப்பாரி வெக்கக்கூடாது."

யார் ஒப்பாரி வைக்கப் போகிறார்கள்?

ஜூன் 7, வெள்ளி

முடிந்தது. ஒன்றரை மணி நேரம். வெளியே உட்கார்ந்து, முன்னால் இருந்த சுவரில் எத்தனை டைல்ஸ் என்று எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு.

ஜூன் 8, சனி

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உதட்டில் நீலம் போய்விட்டது. உள்ளே விட்டதும் முதல் வார்த்தை: "அந்தப் புள்ள சார்ட்டுல மருந்துப் பேரத் தப்பா எழுதியிருக்கறா. போய்ச் சொல்லு."

கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். சிரிக்கச் சொன்னார்கள், "எதுக்கு?" என்றார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

ஜூன் 10, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நான்கு நாளாகத் துணைக்கு இருப்பவர்களுக்கென்று போட்ட அந்த பெஞ்சில் படுத்து என் இடுப்பு செத்துவிட்டது. என் வீட்டுக் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, நங்கையா காப்பியை டம்ளருக்குள் ஊற்றாமல் மேஜை மேலேயே ஊற்றிவிட்டார். தூக்கக் கலக்கம். மாதக்கணக்கில் சரியாகத் தூங்காதவர்தானே. பத்து மணிக்குச் சின்ன டாக்டர் வந்து, "ஏதாவது வித்தியாசமாத் தெரியுதாம்மா?" என்றார். நான் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை என்றேன். கார் கீழே நின்றது.

பிரஷர் 134/70. நாடி 76. எடை 58.

ஜூன் 12, புதன்

பிரஷர் 136/72.

நான்கு இட்லி, இடது ஓரத்தில் சட்னி. இரண்டு இட்லி சாப்பிட்டார். "சட்னி வெக்கலையா?" என்றார்.

"தட்டுலயே இருக்குதுங் நங்கையா."

"எங்க இருக்குது? வெறும் இட்லிய வெச்சுப்போட்டு இருக்குதுங்கற."

நான் ஸ்பூனால் எடுத்து இட்லி மேல் ஊற்றினேன். சாப்பிட்டார். மிச்சம் இரண்டு இட்லி அப்படியே. பசி இல்லையென்றால் பசி இல்லை என்று சொல்லலாம். சட்னி மேல் பழி போட வேண்டியதில்லை. தேங்காய் நான்தான் துருவினேன்.

ஜூன் 14, வெள்ளி

இடது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்கு ரத்தக் கட்டு. கதவு நிலையில் இடித்துக்கொண்டாராம். கட்டிலை நான் நகர்த்திப் போட்டதால்தானாம். கட்டில் முப்பது வருடமாக அதே இடத்தில்தான் கிடக்கிறது.

ஜூன் 17, திங்கள்

இன்றைக்குச் செய்தித்தாளோடு சண்டை.

"இவியளுக்குத் தமிழே மறந்துபோச்சு. ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் சம்பந்தமே இல்ல. 'தில் மூவர் காயம்', 'ணைக்கு நீர் திறப்பு'. என்ன கெரகம் இது?"

நான் வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் அச்சடித்திருந்தது. சொன்னேன். என்னைப் பார்த்து, "நீ எதைத்தான் ஒழுங்காப் படிச்ச?" என்றார். நான் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ஒரு எண்ணைக்கூடத் தப்பாக இணைத்ததில்லை. இதையெல்லாம் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

முதல்முறையாக மாடிக்கு ஏறினார். பதினெட்டுப் படி. மூச்சு வாங்கவில்லை. அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 19, புதன்

எதிர்வீட்டு மரகதம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். நங்கையாவுக்கு இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படீங் இருக்கறீங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். நங்கையா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. மரகதத்தின் முகம் சுருங்கிப்போனது. போன வருடம் முருங்கைக் கிளையை வெட்டினதற்கு இன்னும் கோபம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனதும் கேட்டேன், "ஒரு வார்த்த பேசுனா என்னங்?"

"யாருகிட்ட?"

இப்படி நடித்தால் நான் என்ன செய்வது?

பிரஷர் எனக்குத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 22, சனி

இதை எழுதுவது கோபத்தில்தான்.

வாரம் முழுவதற்குமான மாத்திரை டப்பா. ஏழு அறை. இடது கோடியில் ஞாயிறு, வலது கோடியில் சனி. போன சனிக்கிழமை அவர் எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, நான்தான் நிரப்பினேன். இன்றைக்கு மறுபடி நிரப்பத் திறக்கிறேன், ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்றும் அப்படியே இருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை! ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னது.

"மூணு நாளு மாத்திரை அப்படியே கெடக்குதுங்!"

"டப்பாவுல இருந்தது நாலு நாளைக்குத்தான். புதன்கிழமையோட தீந்துபோச்சு. வியாழக்கிழமையே உன்றகிட்டச் சொன்னேன், மாத்திரை தீந்துபோச்சுன்னு. நீ காதுலயே போட்டுக்கல."

சொன்னது உண்மைதான். நான் எட்டிப் பார்த்தேன். டப்பாவில் மாத்திரை இருந்தது. "இருக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எனக்குத் தெரியும், இது வேண்டுமென்றே செய்வது. ஈறில் ரத்தம் கசிகிறது என்று முந்தின வாரம் முனகினார். மருந்தாளுநர் அல்லவா, தனக்குத் தெரியாததா என்று தானே நிறுத்திக்கொண்டிருக்கிறார். கத்திவிட்டேன். "உங்களுக்காக நான் பெஞ்சுல கெடந்தேன், நீங்க மாத்திரைய ஒளிச்சு வெக்கறீங்க" என்றேன். அவர் டப்பாவைக் கையில் எடுத்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். சனி, வெள்ளி, வியாழன், புதன். அங்கேயே விரல் நின்றுவிட்டது. "நாலுதான் இருக்குது" என்றார், எனக்கு இல்லை, தனக்கே சொல்கிற மாதிரி.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் நான் துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில், சொல்லாமல் கிளம்பி மருந்துக்கடைக்குப் போய்விட்டார். ஏதாவது சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் என்றைக்கு இருந்தது?

அரை மணி நேரம் கழித்து மருந்துக்கடை லோகநாதன் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நங்கையாவுக்குக் கீழே வேலை பழகியவர். முகம் வெளுத்திருந்தது. நங்கையா எதுவுமே நடக்காத மாதிரி உள்ளே போய் முகம் கழுவினார்.

"அக்கா, பஸ்ஸு ஒரு முழ தூரத்துல நின்னுச்சுங்" என்றார் லோகநாதன். "ரோட்டுல பாதி வந்தவங்க, அக்கட்ட பாக்கவே இல்ல. இடது பக்கமிருந்து பஸ்ஸு வருது, ஆரன் அடிக்கறான், திரும்பல. நானும் அந்தப் பக்கம் நின்னு 'மேடம், மேடம்'னு கத்தறேன். காதுல வுழுகாத மாதிரி நடக்கறாங்க. ஓடி வலது பக்கம் வந்து கையப் புடிச்சதும், 'அட லோகு, நீ எப்ப வந்தே?'ங்கறாங்க."

"அவியளுக்கு எப்பவுமே அலட்சியம்" என்றேன்.

"அலட்சியம் இல்லீங்க்கா." லோகநாதன் கொஞ்சம் தயங்கினார். "அவுங்களுக்கு இடது பக்கம் இருக்கறதே தெரியலீங்க."

அவர் போன பிறகு காலைத் தட்டைக் கழுவப் போனேன். தோசையின் வலது பாதி இல்லை. இடது பாதி இருந்தது, கத்தியால் வெட்டின மாதிரி.

ஒரு புதுத் தட்டு எடுத்தேன். இடது ஓரத்தில் ஒரு பிஸ்கட், வலது ஓரத்தில் ஒரு பிஸ்கட். நங்கையா முன் வைத்தேன்.

வலது பக்கத்து பிஸ்கட்டைச் சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்றேன்.

"எங்க இருக்குது?"

தட்டைச் சுற்றித் திருப்பி வைத்தேன். பிஸ்கட் வலது பக்கம் வந்தது.

"இத எப்ப வெச்சே?" என்று கேட்டு எடுத்துக் கடித்தார்.

நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீர் வீணாகப் போனது.

ஜூன் 26, புதன். கோயமுத்தூர்

மறுபடி அதே ஆஸ்பத்திரி, வேறு மாடி. மூளை டாக்டர் ஒரு பெண்மணி, குரலை உயர்த்தாதவர். ஒரு தாளைக் கொடுத்து, "கடிகாரம் ஒண்ணு வரைங்கம்மா" என்றார். நங்கையா வட்டம் போட்டார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினார். பன்னிரண்டு எண்ணும் வலது பக்கத்து ஓரத்தில் நெருக்கியடித்து நின்றன. இடது பக்கம் வெறும் வெள்ளை.

"சரியா இருக்காம்மா?"

"எண்ணு பன்னண்டும் இருக்குது. அப்புறம் என்னங்?" என்றார் நங்கையா.

கடைசி எண்ணை எழுதி முடித்த அந்தக் கை, முப்பத்திரண்டு வருடம் எத்தனையோ பேருக்கு மருந்தை அளந்து கொடுத்த கை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் வலது பின்பக்கம் ஒரு திட்டு. அங்கங்கே சின்னச் சின்னப் புள்ளிகள். வால்வு வைக்கும்போதோ அடுத்த ஓரிரு நாளிலோ நடந்திருக்க வேண்டும் என்றார்.

"கை கால் விழல, பேச்சு குழறல. அதனால யாருக்கும் தெரியல. இவங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறத மூளை கணக்குல எடுத்துக்கல. தனக்குத் தெரியலைங்கறதும் இவங்களுக்குத் தெரியாது. வேணும்னு பண்றது இல்லம்மா."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்து ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

"மொதல்ல எப்ப கவனிச்சீங்க?" என்று கேட்டார்.

ஒரு வாரமாக என்றேன். அப்படித்தான், கிட்டத்தட்ட ஒரு வாரம்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்று நானேதான் கேட்டேன்.

"எவ்வளவு செஞ்சிருக்க முடியும்னு இப்ப சொல்ல முடியாது. உடனே பாத்திருப்போம். அவ்வளவுதான் சொல்லலாம்."

ஜூன் 29, சனி

வீடு. இன்றிலிருந்து மாத்திரை என் கையால். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு சிவப்பு நாடா கொடுத்தாள். செய்தித்தாளின் இடது ஓரத்தில் அதை வைத்து, முதலில் நாடாவைத் தேடிக் கண்டுபிடித்து, பிறகுதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும். தட்டின் இடது ஓரத்தில் ஒன்று, கதவின் இடது நிலையில் ஒன்று. நான் எப்போதும் இடது பக்கத்திலிருந்தே பேச வேண்டுமாம். அவர் திரும்பும் வரை விடக்கூடாதாம்.

"நங்கையா, இக்கட்ட."

"நங்கையா, இக்கட்ட பாருங்க."

"நங்கையா!"

நாளெல்லாம் இதுவே. மரகதம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அழுதுவிட்டாள். அவளையும் நானே தேற்ற வேண்டியதாயிற்று.

ஜூலை 3, புதன்

பிரஷர் 130/70.

இதை எழுதாமல் இருந்தால் நோட்டே பொய்யாகிவிடும்.

ஒரு வாரமில்லை. பத்தாம் தேதி காலையிலேயே காப்பி மேஜையில் ஊற்றியது. நான் பார்த்தேன். தூக்கக் கலக்கம் இல்லை என்று அப்போதே மனதில் ஏதோ ஒன்று சொன்னது. சின்ன டாக்டர் கேட்டபோது சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு நாள் வைத்திருப்பார்கள். எனக்கு வீட்டுக்கு வரவேண்டும். அவ்வளவுதான். வேறு எந்தக் காரணமும் இல்லை.

சாயங்காலம் நங்கையாவின் இடது பக்கம் உட்கார்ந்து இதையே சொன்னேன். திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"கேக்குது, கேக்குது" என்றார். "காப்பி கொட்டுனது எனக்குந் தெரியும். நீதான் டம்ளர நவுத்திப்போட்டேன்னு நெனச்சேன். நாலு நாளைக்கு உன்ற மேல அந்தக் கோவம் இருந்துச்சு."

"சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு நாளு அந்த உப்பில்லாத உப்புமாவத் தின்னிருப்போம். எனக்கும் வூட்டுக்கு வரோணும்னுதான் இருந்துச்சு. ஆசுபத்திரிலயே ஆயுசக் கழிச்சவ நானு. நானல்லோ சொல்லியிருக்கோணும்." மடியைத் தடவிப் பார்த்தார். "போச்சாது வுடு. மூக்கச் சிந்தாத. அந்த நாடா எங்க?"

நாடா அவர் மடியிலேயே இடது பக்கம் கிடந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை. தேடட்டும் என்று விட்டேன். நான்கு நிமிடம் ஆனது. கண்டுபிடித்துவிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று சட்னியைத் தானே கண்டுபிடித்தார். உப்பு அதிகமாம்.

ஜூலை 18, வியாழன். கோயமுத்தூர்

இதய டாக்டரிடம் மறுபரிசோதனை. படத்தைப் பார்த்துவிட்டு, "வால்வு அருமையா வேலை செய்யுது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வால்வு அருமை. வால்வு மட்டும் தனியாக ரோட்டைக் கடக்குமா?

நங்கையா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பித் திருப்பி, டாக்டர் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். அவர் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

"நூத்துல ரெண்டு மூணு பேருன்னு சொன்னீங்க. அதுல ஒருத்தி நானு. நீங்க மறைக்கல, நான் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். முன்ன பத்துப் படி ஏற முடியல, இப்ப ரெண்டு மாடி ஏறறேன். மறுபடி கேட்டாலும் போடுவேன்."

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார்.

"இருங்க சாமி, முடிக்கல. வூட்டுக்கு அனுப்பறப்ப கையத் தூக்கு, சிரின்னு மட்டும் பாக்காதீங்க. ஒரு தட்டுல ரெண்டு பக்கமும் ரெண்டு பிஸ்கட்ட வெச்சுப் பாருங்க. கூட வந்தவங்ககிட்ட, ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு முன்னால நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்லுங்க. அவிய களைச்சுப்போயிருப்பாங்க. களைச்சவங்க ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லுவாங்க."

என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

டாக்டர் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டார். உண்மையாகவே எழுதினாரா, மரியாதைக்கா என்று தெரியவில்லை. எழுந்து நின்று, "வருத்தமா இருக்கும்மா" என்றார். அதுவரை அவர் யாருக்காகவும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஜூலை 27, சனி

எழுத ஒன்றுமில்லை. கழுத்து வலிக்கிறதாம், திரும்பித் திரும்பி. எண்ணெய் தேய்த்துவிட்டேன். சரியாகத் தேய்க்கவில்லையாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்த நோட்டு இரண்டு மாதமாகிவிட்டது. எடை 60. பிரஷர் 128/70.

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வெயில் தாழ்ந்ததும் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் எங்களுக்கு இடது பக்கம். நடுவில் நான். கால் வழுக்கினால் என்னைத் தாண்டித்தான் அவர் விழ வேண்டும்.

"தண்ணி எங்க? சத்தம் மட்டுந்தான் வருது."

"இக்கட்டத் திரும்புங்க."

திரும்பினார். போதவில்லை.

"இன்னும்."

நாடா தேடுகிற மாதிரி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். தண்ணீருக்குப் போகிற வழியில் என் முகம் இருந்தது. அதிலேயே நின்றுவிட்டார். நாற்பத்துநான்கு வருடமாக ஒரே குடும்பத்தில் இருக்கிறோம். அடுப்பைப் பார்த்துப் பேசியிருக்கிறார், டிவியைப் பார்த்துப் பேசியிருக்கிறார். இப்படி முழுதாகப் பார்த்ததில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உன்ற மூக்குத்தி எங்க?"

"கழட்டி ஆறு வருசம் ஆச்சுங். அவுங்க போன அன்னிக்குக் கழட்டுனது."

"யாரு கழட்டச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லாமலேயே கழற்றினேன். அதைச் சொன்னேன்.

"என்ற தம்பி போனதுக்கு உன்ற மூக்கு என்ன பண்ணும்? போட்டுக்க. நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் திரும்பி, தண்ணீரைக் கண்டுபிடித்து, ஐந்து நிமிடம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பீரோவில் தேடினேன். இருந்தது. கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தால், துளை பாதி அடைத்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு நகைக்கடை ஆசாரியிடம் போகவேண்டும். நானும் கூட வருவேன், அவன் கோணலாகக் குத்திவிடுவான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

இவர் பார்த்துக்கொள்கிறாராம். பத்து மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன்.